நிரை பார்த்து எறி

போன மார்ச் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் குளுவாங் போகும் வழியில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் டிஸ்க் கோல்ஃப் விளையாடினோம். அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டேன். இங்கே சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இரண்டு வருஷம் எறிந்து பழகியதைவிட, அந்த ஐந்து நாளில் கற்றுக்கொண்டது அதிகம். தெரிந்தவர்கள் சிலர் எங்களோடு வரலாமா என்று கேட்கிறார்கள். வரலாம். வருவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில இருக்கின்றன, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. டீ எனப்படும் தொடக்க இடத்தில் நின்று எறிய வேண்டும், விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். எத்தனை எறியில் தட்டு கூடைக்குள் விழுகிறது என்பதுதான் கணக்கு. இந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கியவர் அமெரிக்காவின் எட் ஹெட்ரிக். 1975இல் கலிஃபோர்னியாவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவரும் அவர்தான். ஆரம்பத்தில் கம்பத்தில் தட்டு பட்டாலே போதும் என்று விளையாடியிருக்கிறார்கள். பட்டதா இல்லையா என்ற வாக்குவாதத்தைச் சங்கிலியும் கூடையும் தீர்த்துவைத்தன. தட்டு உள்ளே கிடந்தால் கிடந்ததுதான்.

நான் பாலிடெக்னிக்கில் அல்டிமேட் ஃப்ரிஸ்பீ, அதாவது தட்டெறிந்து குழுவாக ஆடும் ஆட்டம், ஆடியவன். அந்தத் தட்டு 175 கிராம், விட்டம் 27 சென்டிமீட்டர், ஓரம் மழுங்கலாக இருக்கும். கோல்ஃப் தட்டும் எடையில் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் விட்டம் 21 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், ஓரம் கெட்டி. முழங்காலில் பட்டால் ஒரு வாரத்துக்கு நொண்ட வேண்டியதுதான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நானும் மச்சானும் மடக்கக்கூடிய துணிக் கூடையோடு பூங்காவுக்குப் போய்விடுவோம். எட்டரைக்கெல்லாம் குடும்பங்கள் பாய் விரிக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு மேல் எறிவது நியாயமில்லை, கூடையை மடித்துவிடுவோம். அந்த ஒன்றரை மணி நேரமும் எங்களிடம் இருந்தது ஒரே கேள்வி: எவ்வளவு தூரம்? திறந்த புல்வெளியில் வேறு கேள்வி எழாது. என் அதிகபட்சம் 80 மீட்டர்.

தோட்டம் என் மனைவியின் பெரியப்பாவுடையது. எனக்குப் பெரிய மாமா. பதினோரு ஏக்கர் சொந்த நிலம்; பாதி பழைய ரப்பர், மீதி டுரியானும் ரம்புத்தானும். அவருடைய கடைசி மகனை என் மனைவி தம்பி என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் தம்பிதான். படிக்கப் போன இடம் பின்லாந்து. அங்கே காட்டுக்குள் நடந்தால் கூடைகள் தட்டுப்படும் என்பார், அவ்வளவு பரவிய விளையாட்டு அது. ஊர் திரும்பியதும் அப்பாவிடம் கேட்டு, தோட்டத்துக்குள் ஒன்பது கூடைகளை நட்டுவிட்டார். இரண்டு மட்டும் கடையில் வாங்கியவை. மற்ற ஏழும் பக்கத்துப் பட்டறையில் பற்றவைத்தவை, சங்கிலி இரும்புக் கடையில் நிறுத்து வாங்கியது. மரம் வளர்க்கிற தனியார் நிலத்தில் மைதானம் அமைவது புதிதில்லை என்றும் தம்பி சொன்னார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேப்பிள் ஹில் என்ற புகழ்பெற்ற மைதானம் ஒரு கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்தில்தான் இருக்கிறது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் அங்கே போட்டிக்கு வருகிறார்கள்.

முதல் முறை காலை ஐந்து மணிக்கு யீஷூனிலிருந்து கிளம்பினோம். விடுமுறை நாளில் கடற்பாலத்தை ஆறு மணிக்குள் தாண்டாவிட்டால் நண்பகல் ஆகிவிடும். சிங்கப்பூர் வண்டியில் போகிறவர்கள் எண்ணெய்த் தொட்டி முக்காலாவது நிரம்பியிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு வண்டிகள் மலேசியாவுக்குள் நுழைவதற்கான விஇபி பதிவும், சாலைக் கட்டணத்துக்கு டச் என் கோ அட்டையில் பணமும் இருக்க வேண்டும். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கடையில் தோசை பசியாறிவிட்டுப் போனபோது மணி எட்டரை.

வாசலில் மண்வாசனையோடு இன்னொரு வாடையும் அடித்தது. ரப்பர் பால் உறையும் புளித்த வாடை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்கு அது புதிது. பெரிய மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னும் அறுபது எழுபது மரங்களில் தானே பால் வெட்டுகிறார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டிவிட்டு வந்து தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. பசியாறியாச்சா? இந்த மரமெல்லாம் உங்க ஊர்லேருந்து வந்ததுதான், தெரியுமா?”

உண்மைதான். 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. பிறகு அங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, விதையைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நடவைத்தார். நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததற்கு அந்த மரம் ஒரு பெரிய காரணம். வருஷத்துக்கு இரண்டு முறையாவது தாவரவியல் பூங்காவில் நடக்கிறேன், ஒருநாளும் இதை நினைத்ததில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

முதல் கூடை 60 மீட்டரில், நேர் எதிரே, இரண்டு மர வரிசைகளுக்கு நடுவில் தெரிந்தது. பூங்காவில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எறிவேன். பையிலிருந்து என் வேகமான டிரைவரை, தூர எறிக்கான தட்டை, எடுத்தேன், ஓடிவந்து முழு பலத்தோடு எறிந்தேன். எட்டாவது மீட்டரிலேயே மரத்தில் பட்டு, எனக்குப் பின்னால் போய் விழுந்தது. இரண்டாவது எறி வலப்பக்க மரம். மூன்றாவது இடப்பக்கம். அந்த ஒரு கூடைக்கு மட்டும் எனக்கு ஏழு எறிகள். ஒன்பது கூடைகளும் முடிந்தபோது என் கணக்கு 51, மச்சானுக்கு 46. கூடைக்கு மூன்று என்று வைத்தால் 27தான் வர வேண்டும்.

அந்த ஆட்டத்தின் மூன்றாவது கூடையில்தான் நான் மறக்க முடியாத தவறைச் செய்தேன். அந்தப் பாதை, பெரிய மாமா அன்று காலை வெட்டிய மரங்களின் ஓரமாகப் போகிறது. நான் எறிந்த தட்டு இடப்பக்கம் திரும்பி ஒரு மரத்தின் இடுப்பளவில் மோதியது. அங்கேதான் கம்பியில் பால் ஏந்தும் மங்கு தொங்கிக்கொண்டிருந்தது. மங்கு கவிழ்ந்து பால் முழுதும் வேரின் மேல் கொட்டியது. கிட்டே போய்ப் பார்த்தேன். சாய்வாகச் சீவிய கோட்டில் இன்னும் பால் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே ஏந்துவதற்கு எதுவும் இல்லை. பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கிறார், கிலோ கணக்கில்தான் காசு. எத்தனை மணிக்கு எழுந்து வெட்டியது என்று நினைத்ததும் மனசு கனத்துவிட்டது.

போய்ச் சொன்னேன். எழுந்து வந்து மங்கை எடுத்துத் துடைத்துக் கம்பியில் திரும்ப மாட்டினார்.

“உங்க மேல தெறிக்கலையே மாப்பிள்ளை? துணியில பட்டா போகாது.” அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் என்னை அந்தக் கூடையின் டீக்கு அழைத்துக்கொண்டு போனார். தட்டைக் கையில் தொட்டதுகூட இல்லாதவர். “மரத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. மரத்தைப் பார்த்து எறிஞ்சா மரத்துலதான் படும். நிரையைப் பாருங்க.”

நிரை என்பது தோட்டத்து வார்த்தை. நட்ட மரங்களின் வரிசை. வெட்டுக்காரருக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள், அவர் அதைப் பிடித்துக்கொண்டு போவார். இந்தத் தோட்டத்தில் நிரைக்கு நிரை ஏறத்தாழ இருபதடி, ஒரே நிரைக்குள் மரத்துக்கு மரம் பத்தடி. அவர் என் தோளைப் பிடித்து ஓரடி இடப்பக்கம் நகர்த்தினார். அதுவரை குறுக்கும் நெடுக்குமாக அடைத்துக்கொண்டு நின்ற மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொண்டன, நடுவில் ஒரு தெரு திறந்தது. இன்னும் இரண்டடி நகர்ந்ததும் அது மூடிக்கொண்டு, குறுக்காக வேறொரு தெரு திறந்தது. நாற்பது வருஷமாக இருட்டில் இந்த நிரைகளுக்குள் நடந்தவருக்கு இது பாடமே இல்லை. எனக்கு அந்த நிமிஷம்தான் விளையாட்டே புரிந்தது.

ஆகவே மரங்களுக்குள் விளையாட வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: டீயின் முழு அகலத்தையும் பயன்படுத்துங்கள். நடுவில் நின்றுதான் எறிய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் நகர்ந்து பார்த்து, எங்கே நின்றால் வழி அகலமாகத் தெரிகிறதோ அங்கே நில்லுங்கள். வழி தெரிந்த பிறகு கண்ணை இடைவெளியில் வையுங்கள். தப்பிக்க வேண்டிய மரத்தைப் பார்த்துக்கொண்டே எறிந்தால் கை அங்கேதான் போகும். நான் இப்போது இடைவெளியின் அந்தப்பக்கம் தரையில் ஒரு இடத்தை, ஒரு வேரையோ காய்ந்த கிளையையோ குறித்துக்கொண்டு அங்கே இறக்குவதாக நினைத்து எறிகிறேன்.

அடுத்தது தட்டு. ஒவ்வொரு தட்டிலும் நான்கு எண்கள் போட்டிருக்கும்: வேகம், மிதப்பு, ஆரம்பத்தில் திரும்பும் அளவு, கடைசியில் திரும்பும் அளவு. என் டிரைவரின் வேகம் 12. அந்த வேகத்தை என் கையால் கொடுக்க முடியாது, அதனால் அது பாதி வழியிலேயே வேகம் குறைந்து இடப்பக்கம் சாய்ந்துவிடும். வலக்கையால் பேக்ஹேண்ட், அதாவது புறங்கை முன்னால் வர, எறிகிறவர்களுக்கு வேகம் குறைந்த எந்தத் தட்டும் இடப்பக்கம்தான் போகும். புல்வெளியில் அது பரவாயில்லை, இருபதடித் தெருவுக்குள் அது மரம். இரண்டாவது முறை போனபோது வேகமான டிரைவர்களை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு மூன்றே தட்டுகள் எடுத்துப்போனேன்: கூடைக்குப் பக்கத்திலிருந்து போட ‘ஏவியார்’ என்ற புட்டர், நடுத்தூரத்துக்கு ‘பஸ்’ என்ற மிட்ரேஞ்ச், பிறகு வேகம் குறைந்த டிரைவரான ஒரு ‘லெப்பர்ட்’. பஸ்ஸின் எண்கள் 5, 4, கழித்தல் 1, 1. நிதானமாக எறிந்தால் அது நேராகப் போகும், கடைசியில் கொஞ்சமாகத்தான் இடப்பக்கம் ஒதுங்கும். ஒன்பது கூடைகளில் ஆறுக்கு அதை மட்டும்தான் எறிகிறேன். ஓடிவந்து எறிவதையும் விட்டுவிட்டேன். நின்ற இடத்திலிருந்தே முக்கால் பலம்.

உயரத்தையும் கவனியுங்கள். ரப்பர் மரம் அடியில் கம்பம்போல் வழவழப்பாக, கிளை இல்லாமல் இருக்கும். மூன்று மீட்டருக்கு மேல்தான் கிளைகள். ஆகவே தாழ்வாக, நெஞ்சு உயரத்தில் போகிற எறிக்கு நல்ல இடம் இருக்கிறது. ரம்புத்தான் பக்கம் இது தலைகீழ். கிளைகள் தரையைத் தொடுகின்றன. அங்கே முட்டிபோட்டு ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கை முன்னால் வர, தரையோடு விடுவதுதான் ஒரே வழி. ஃபோர்ஹேண்ட் பழகாதவர்கள் காட்டுக்கு வருமுன் அதைப் பழகிவிடுங்கள், முப்பது மீட்டர் போனால் போதும். வலக்கையால் எறிந்தால் பேக்ஹேண்ட் இடப்பக்கம் வளையும், ஃபோர்ஹேண்ட் வலப்பக்கம் வளையும். இரண்டும் கையில் இருந்தால் மரத்தைச் சுற்றிப் போக இரண்டு வழி கிடைக்கும்.

எவ்வளவு பார்த்து எறிந்தாலும் மரத்தில் படும். பட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் கணக்கு ஏறுகிறது. நான்காவது கூடையில் ஒருமுறை மரக்கூட்டத்துக்குள் விழுந்தேன். கூடை தெரிந்தது, கைக்குட்டை அளவு இடைவெளியில் கூடை தெரிந்தது. அதற்குள் விட்டுவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன், மூன்றும் பக்கத்து மரத்தில். அந்தக் கூடைக்கு ஒன்பது எறிகள். மச்சானும் அதே இடத்தில்தான் விழுந்தான். அவன் கூடையைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் ஐந்து மீட்டர் தள்ளி நிரைக்குள் தட்டைத் தூக்கிப் போட்டான், அங்கிருந்து ஒரே எறியில் கூடைக்குப் பக்கத்தில் சேர்ந்தான். நான்கில் முடித்தான். இப்போது மரக்கூட்டத்துக்குள் விழுந்தால் முதலில் கேட்டுக்கொள்வது, பக்கத்து நிரைக்குப் போக எது சுலபம் என்பதைத்தான்.

விதிகளில் சிலவற்றை இங்கே மறக்கக் கூடாது. தட்டு விழுந்த இடத்துக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான் கால் வைக்கும் இடம். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் என்றால் எறிந்த பிறகும் தடுமாறாமல் நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே போக வேண்டும். உயிருள்ள கிளையை ஒடிக்கக் கூடாது, கட்டிப்போடக் கூடாது; நிற்பதற்கு எந்த வழியில் கிளை மிகக் குறைவாக நகருமோ அப்படித்தான் நிற்க வேண்டும். நிற்கவே முடியாத இடமென்றால் ஓர் எறியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டு, கூடைக்கு நேர்க்கோட்டில் பின்னோக்கி நகர்ந்து எறியலாம். சொந்த நிலத்தில் இந்தக் கிளை விதிக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒடிகிற கிளையில் அடுத்த மாதத்துப் பழம் இருக்கிறது.

தட்டைத் தொலைக்காமல் இருப்பது தனிக் கலை. ரப்பர் மரம் வருஷத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். உதிருமுன் செம்மஞ்சளாகப் பழுத்து, நாங்கள் போன மார்ச்சில் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. என்னிடம் இருந்தது ஆரஞ்சுத் தட்டு. கண்ணெதிரே விழுந்ததைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சறுக்கிக்கொண்டு இலைக்கு அடியில் போய்விடும், மேலே எந்தத் தடயமும் இருக்காது. விதிப்படி தேடுவதற்கு மூன்று நிமிஷம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு தண்டம், முன்பு எறிந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு, பச்சை, மஞ்சள் நான்கும் இங்கே ஆகாது. கடும் இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், வெள்ளை நல்லது. யார் எறிந்தாலும் எல்லாரும் பார்க்க வேண்டும், எறிந்தவர் மட்டும் பார்த்தால் போதாது. எந்த மரத்துக்குப் பக்கத்தில் மறைந்தது என்று ஒருவர் அந்த மரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நடக்க வேண்டும். தட்டின் பின்புறம் தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள்.

இனி உயிருக்கு வேண்டியது. ஆறாவது கூடை டுரியான் மரங்களுக்கு அடியில் இருக்கிறது. பழக் காலத்தில் பெரிய மாமா அந்தக் கூடையின் மேல் ஒரு சாக்கைக் கட்டிவிடுவார். சாக்கு கட்டியிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது, தட்டு அங்கே விழுந்தாலும் அவர் எடுத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். ஜூலையில் போனபோது நூறடி தூரத்தில் நின்று ஒரு பழம் விழும் சத்தத்தைக் கேட்டோம். யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ரம்புத்தான் இலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். தட்டு கூட்டில் பட்டால் எல்லாம் இறங்கி வரும், கழுத்தில்தான் முதலில் கடிக்கும். குனிந்து உள்ளே போகுமுன் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போங்கள். இலைக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள், ஒரு கம்பு வைத்துக்கொண்டு புரட்டுங்கள், பாம்பு இருக்கும் தோட்டம்தான். மழை பெய்திருந்தால் ஓடைப் பக்கம் அட்டை ஏறும். நீளக் கால்சட்டை, கணுக்கால் மூடிய சப்பாத்து, கொசு மருந்து. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வீட்டுக்கோ வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். சிங்கப்பூரில் வானிலைக்கு மைஎன்வி செயலியைப் பார்த்துப் பழகிய நமக்குத் தோட்டத்துக்குள் காதுதான் எச்சரிக்கை. அப்புறம், தட்டு ஆள் இருக்கும் பக்கம் திரும்பினால் உடனே கத்த வேண்டும். நாங்கள் “தலை!” என்று கத்துகிறோம். யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்காது, தலையை மூடிக்கொண்டு குனிந்துவிடுவார்கள்.

மங்கு கவிழ்ந்த அன்று மாலையே தம்பியும் நானும் மூன்றாவது கூடையைப் பிடுங்கினோம். வெட்டுவதை நிறுத்தி ஆண்டுகள் ஆன கிழட்டு மரங்களின் பக்கம், ஓடைக்கு இந்தப்புறம் புதிதாகக் குழி தோண்டி நட்டோம். பெரிய மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் பட்டையைப் பார்த்த பிறகு எனக்கு மனசு ஒப்பவில்லை. வெட்டும் மரத்தின் பட்டைதான் அதன் மூலதனம். சீவிய இடம் மறுபடி வளர்ந்து வெட்டுக்கு வர ஆண்டுக்கணக்கு ஆகும். கெட்டி ஓரத் தட்டு அதில் அடித்து அடித்துக் காயமாக்கினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், உளி ஒழுங்காக ஓடாது. இப்போது எங்கள் ஒன்பது பாதைகளில் ஒன்றுகூட வெட்டும் நிரையைத் தொடுவதில்லை. அதனால் பாதைகள் இன்னும் வளைந்து, ஆட்டம் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

தனியார் நிலத்தில் விளையாடுகிறோம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். பூங்காவில் நமக்கு உரிமை இருக்கிறது. தோட்டத்தில் ஒருவர் வாசலைத் திறந்துவிடுகிறார், அவ்வளவுதான். மாமா முறை என்பதால் சொல்லாமல் போய் நிற்கலாம் என்று மச்சான் ஒருமுறை சொன்னான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. எப்போதும் மூன்று நாளைக்கு முன் கூப்பிட்டு, எத்தனை பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். ஆறு பேருக்கு மேல் அழைத்துப் போவதில்லை. இடத்தைப் படமெடுத்துப் பொதுவில் போட்டு வழி சொல்வதில்லை. பெரிய மாமா காசு வாங்கமாட்டார், கொடுத்தால் கோபித்துக்கொள்வார். ஆனால் பாதைகளில் புல் தானாகக் குறைந்துவிடுவதில்லை. தம்பி மாதம் இரண்டு முறை புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது பாதைக்கும் நடக்கிறார். ஆளுக்கு 20 வெள்ளி எடுத்து அவர் கையில் பெட்ரோலுக்குக் கொடுத்துவிடுகிறோம், ஆட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் விழுந்த கிளைகளைப் பொறுக்கி ஒதுக்குகிறோம். தண்ணீர்ப் போத்தல் ஒன்றுகூட உள்ளே விட்டுவிட்டு வருவதில்லை. பெரிய மாமி சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து மல்லிகைப்பூ கேட்டிருந்தார்கள், அதையும் மறக்காமல் வாங்கிப் போவேன்.

ஆகஸ்டில் கடைசியாக ஆடியபோது எனக்கு 36. மச்சானுக்கு 35. எட்டாவது கூடைவரை இரண்டு பேரும் சமம். அந்த வருஷத்து ரப்பர்க் காய்கள் வெயிலில் பட் பட்டென்று வெடித்து விதைகள் மேலிருந்து சிதறிக்கொண்டிருந்தன, கவனம் கலைகிற சத்தம். ஒன்பதாவதில் என் பஸ், நினைத்த தெருவுக்குள்தான் போனது, அழகாகப் போனது, கடைசியில் துளி அளவுக்குத்தான் இடப்பக்கம் ஒதுங்கியது. ஓடைக் கரையில் இலைக்குள் நழுவியது. நான்கு பேர் மூன்று நிமிஷம் தேடினோம், ஆட்டம் முடிந்த பிறகு இன்னும் அரை மணி நேரம் தேடினோம். இரண்டு வருஷம் கையில் பழகிய வெளிர்நீலத் தட்டு. கிடைக்கவில்லை.

திரும்பும்போது கடற்பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. மச்சான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவனுடைய தட்டின் ஓரத்தில் எங்கோ பட்டு உலர்ந்திருந்த ரப்பர்ப் பாலைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தான். மெல்லிய தோலாக உரிந்து வந்தது. ஈரத்தில் துடைத்தால் பரவிவிடும், உலரவிட்டு இப்படித்தான் எடுக்க வேண்டும்; அதுவும் தம்பி சொல்லிக்கொடுத்ததுதான். வீட்டுக்கு வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அதிர்ந்தது. பெரிய மாமாவிடமிருந்து ஒரு படம். தலைவிளக்கின் வட்டத்துக்குள் ஒரு ரப்பர் மரம், மங்கு மாட்டும் கம்பியில் என் வெளிர்நீலத் தட்டு செருகியிருந்தது. கீழே ஒரு வரி, தம்பியின் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு தட்டியிருப்பார்: “ஏழாவது நிரை மாப்பிள்ளை. வரும்போது எடுத்துக்கோங்க.”